ஓரகத்திக்குச் சால்வை, எனக்குப் பழி

கேள்வி:

அம்மா, எனக்கு 45 வயது. தேவகோட்டை பக்கம் ஒரு கிராமத்து ரேஷன் கடையில் விற்பனையாளர். என் கொழுந்தன் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். கொரோனா சமயத்தில் எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அவளுக்கு ஒரு வாரம் டூட்டி, அடுத்த வாரம் லாட்ஜில் தனி ரூம், வேளாவேளைக்குச் சாப்பாடு. முதல் ஆளாகத் தடுப்பூசி. 20,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஊரில் கூட்டம் போட்டுச் சால்வை, சான்றிதழ். அவள் வீட்டில் இல்லாத நாளெல்லாம் அவள் பிள்ளைக்குச் சோறு போட்டதும் தலை பின்னிவிட்டதும் நான்.

நான் கடையை மூடவில்லை. 2020இல் வீடு வீடாக டோக்கன் கொடுத்து 1,000 ரூபாய் கொடுத்ததும் நான்தான், 2021 மே மாதம் 2,000 ரூபாய் கொடுத்ததும் நான்தான். எங்களுக்கும் ஏதோ சிறு தொகை வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஊசிக்கு என் வயதுக்காரர்கள் முறை வரவில்லை. லாட்ஜ் கிடையாது. ஜனங்களோடு நின்றுவிட்டுத் தினமும் வீட்டுக்குத்தான் வந்தேன்.

மே 22ஆம் தேதி அத்தைக்குக் காய்ச்சல். 24ஆம் தேதி எனக்கும். ஜூன் 3 அத்தை போய்விட்டார்கள், அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே. கடைசி முகத்தை அவள் பார்த்தாள். எங்களுக்குக் கட்டிப் பொதிந்ததைத்தான் தூரத்தில் நிற்க வைத்துக் காட்டினார்கள். பதினாறாம் நாள் நாத்தனார் எல்லார் முன்னாலும், “கடையிலேருந்து நீதானே கொண்டாந்து அம்மாவுக்குக் குடுத்தே” என்று சொன்னாள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

போன தை மாதம் கொழுந்தன் காரைக்குடியில் புதுவீடு பால் காய்ச்சினார். ஹாலில் அத்தை படம், மாலை போட்டு. பக்கத்திலேயே அவள் சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். காப்பி டம்ளரைப் பிடித்திருந்த என் கை ஆடிவிட்டது. அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை. ஒரு நாள் அவள் பிள்ளையிடமே, “ஒங்கம்மாவுக்கு என்ன, லாட்ஜுல ரூம் போட்டு இருந்துட்டுச் சால்வை வாங்குனவ” என்று சொல்லிவிட்டேன். அது அழுதுகொண்டே போனது. அடுத்த மாதம் அந்தப் பிள்ளைக்குச் சடங்கு. பெரியம்மாவாக முன்னால் நிற்க வேண்டியவள் நான். போவதா, வேண்டாமா? நாலு வருஷம் ஆகியும் இந்த எரிச்சல் அடங்காத நான் கெட்டவளா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை, நீங்கள் கெட்டவள் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வி உள்ளே உறுத்திக்கொண்டிருந்தால் நான் மேற்கொண்டு எழுதும் எதுவும் உங்களுக்கு ஏறாது.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை சால்வைதான் கண்ணில் பட்டது. இரண்டாம் தடவை அந்தப் பிள்ளை அழுதது. மூன்றாம் தடவைதான் தேதிகளைக் கவனித்தேன். அத்தைக்கு 22ஆம் தேதி காய்ச்சல், உங்களுக்கு 24. உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். நாலு வருஷமாக அந்த இரண்டு தேதியையும் நீங்களே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

கொரோனா தொற்றிய பிறகு காய்ச்சல் காண 2 நாளிலிருந்து 14 நாள் வரை ஆகலாம், பெரும்பாலும் ஐந்தாறு நாள். காய்ச்சல் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே அது அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும். ஆகவே உங்களிடமிருந்து அத்தைக்கு வந்திருக்கலாம். அத்தையிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கலாம். வேறொருவரிடமிருந்து இரண்டு பேருக்கும் சேர்ந்தே வந்திருக்கலாம். மே 21, அதாவது அத்தைக்குக் காய்ச்சல் காண்பதற்கு முதல் நாள், தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியானது. இரண்டாவது அலையின் உச்சமே அதுதான். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம்; உங்கள் முழுக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: அந்த வாரம் மாமா புதுவயலில் ஒரு கேதத்துக்குப் போய்வந்தார், பால்காரர் தினமும் வளவு வரைக்கும் வந்து ஊற்றிவிட்டுப் போனார். இதை அவர்கள் தலையில் கட்டுவதற்காக எடுத்துச் சொல்லவில்லை. மாமாவிடம் இதைப் பற்றி வாயே திறக்காதீர்கள், அவருக்கும் வயதாகிவிட்டது. யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அப்படி இருக்கும்போது பதினாறாம் நாள் உங்கள் வீட்டில் ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். அதை யாரும் மறுக்கவில்லை. நீங்களும் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

சால்வை மேல் வரும் எரிச்சலுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள். இரண்டு பேரும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தபோது வேலைக்குப் போனார்கள். ஒருத்தி போனதைத் தியாகம் என்றார்கள். இன்னொருத்தி போனதை “கொண்டு வந்தாள்” என்றார்கள். சால்வை கிடைக்காதது மட்டும் என்றால் நீங்கள் எப்போதோ மறந்திருப்பீர்கள். உங்களுக்குப் பாராட்டு கிடைக்காமல் போனதோடு நிற்கவில்லை, அந்த இடத்தில் பழியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். புது வீட்டு ஹாலில் அத்தை படமும் சான்றிதழும் ஒரே சுவரில் தொங்கியபோது, இந்தப் பக்கம் அவள் செய்தது, அந்தப் பக்கம் நான் செய்தது என்றுதான் உங்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். கை ஆடாமல் என்ன செய்யும்?

நீங்கள் செய்தது என்ன என்பதை இதுவரை யாரும் உங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. நான் சொல்கிறேன், ஏனென்றால் நானும் காரைக்குடியில் ரேஷன் அட்டை வைத்திருக்கிறவள். 2020 அக்டோபரில் கைரேகை மெஷின் வந்த பிறகு என் தெருக் கடையில் பார்த்திருக்கிறேன். ரேகை தேய்ந்துபோன ஆச்சிகள் விரலைத் தலைமுடியில் தேய்த்துத் தேய்த்து வைப்பார்கள், மெஷின் எடுக்காது. கடைக்காரப் பெண் கையை நீட்டி அந்த விரலைப் பிடித்து, கொஞ்சம் சாய்த்து, அழுத்துவாள். நாலு தடவை, ஐந்து தடவை. முகத்துக்கும் முகத்துக்கும் ஒரு முழம் இருக்காது. அப்புறம் துணியில் சானிடைசரைத் தொட்டு மெஷினைத் துடைப்பாள், அடுத்த அட்டை. ஒரு நாளைக்கு இப்படி எத்தனை விரல் என்று அவளே எண்ணியிருக்கமாட்டாள். மாநிலத்தில் 2 கோடிக்கும் மேற்பட்ட அரிசி அட்டைகளுக்கு அந்த நிவாரணப் பணம் போய்ச் சேர்ந்தது. கோட்டையில் அறிவித்தார்கள். கொண்டுபோய்க் கையில் கொடுத்தது உங்களைப் போன்றவர்கள். உங்கள் ஊரில் பெரிய வீட்டில் ஒண்டியாக இருந்த ஆச்சிக்கு அரிசியும் பருப்பும் கொண்டுபோய் முகப்புத் திண்ணையில் வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு, தள்ளிப்போய் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்கள் பெரிதாக எழுதவில்லை. அரை வரிதான்.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எது நியாயம் எது இல்லை என்று பிரித்துப் பார்க்காவிட்டால் எல்லாம் சேர்ந்து ஓரகத்தி மேலேயே போய் விழும்.

2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடு முழுக்கத் தட்டையும் தாம்பாளத்தையும் தட்டினோம். ஏப்ரல் 5 இரவு விளக்கேற்றினோம். மே 3 அன்று ஆஸ்பத்திரிகள் மேல் ஹெலிகாப்டரில் பூத் தூவினார்கள். இவை மரியாதை. இன்னொரு வகையும் நடந்தது. மார்ச் 30ஆம் தேதி சுகாதாரப் பணியாளர்களுக்கு மத்திய அரசு 50 லட்ச ரூபாய் காப்பீடு கொண்டுவந்தது. ஒப்பந்தப் பணியாளர்களையும் அதில் சேர்த்தார்கள். ரேஷன் கடைக்காரர்கள் அதில் இல்லை. 2021 ஜனவரி 16 சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. அடுத்து போலீசு, துப்புரவுப் பணியாளர்கள் போன்றவர்கள், மார்ச்சில் 60 வயதைத் தாண்டியவர்கள், ஏப்ரல் 1 முதல் 45 வயதைத் தாண்டியவர்கள். உங்களுக்கு அப்போது 41. உங்கள் வயதுக்காரர்களுக்குக் கதவு திறந்தது மே மாதத்தில்தான், அதுவும் ஊசி தட்டுப்பாடாக இருந்த மே. நீங்கள் அந்த மாதம் 15ஆம் தேதியிலிருந்து பணத்தை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். அதே மாதம் மருத்துவர்களுக்கு 30,000, செவிலியர்களுக்கு 20,000, மற்றவர்களுக்கு 15,000 என்று மாநில அரசு ஊக்கத்தொகை அறிவித்தது.

நர்சுகளுக்கு முதலில் ஊசி போட்டது சரிதான். நோயாளியின் மூக்கில் குழாய் வைக்கிறவருக்கு முதலில் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது? இதில் உங்களுக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. தப்பு வேறு இடத்தில் நடந்தது. முகக்கவசம், ஊசி, தங்கும் அறை, காப்பீடு இவையெல்லாம் பாதுகாப்பு. ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டியவை. அவற்றைக் கொடுக்கும்போது பரிசு கொடுப்பதுபோல் கொடுத்தார்கள். பரிசு என்று வந்துவிட்டால் பட்டியல் வந்துவிடும். நம் பக்கத்துக் கோயில்களில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்று தலைமுறைக்கணக்கில் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உங்களுக்கே தெரியும். பட்டியலில் பெயர் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் நடுவே மனஸ்தாபம் வரும், பட்டியல் போட்டவர் தப்பித்துக்கொள்வார். “முன்களப் பணியாளர்” என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்களம் என்று ஒன்றைச் சொன்னதும் மற்றவர்கள் பின்னால், பத்திரமாக இருந்தார்கள் என்று ஆகிவிடுகிறது. உங்கள் கடை ஜன்னல் பின்களமா?

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருஷங்களில் நான் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆலோசகர். வார்டுக்குள் போக முடியாதவர்களுக்கு, உள்ளே இருந்த நோயாளிகளின் நிலைமையை எடுத்துச் சொல்லி ஆறுதல் சொல்வது என் வேலை. பெரும்பாலும் வீட்டிலிருந்து போனில். அலை ஓய்ந்ததும் நிர்வாகம் ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தது. மேடையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்ச் சால்வையை வாங்கிக்கொண்டேன். அப்போது ஹாலின் கடைசியில், நாற்காலி அடுக்கிக்கொண்டு நின்றவர் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவர். கொரோனா வார்டுப் படுக்கை விரிப்புகளையெல்லாம் வாரி மூட்டை கட்டி எடுத்துப்போனது அவர்தான். அவர் பெயர் பட்டியலில் இல்லை. நான் மேடையிலிருந்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தச் சால்வை இன்னும் என் பீரோவில் மடித்தபடியே இருக்கிறது, ஒரு நாள்கூடப் போர்த்தியதில்லை.

ரொம்ப நாள் கழித்து அவர் வீட்டைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் என்னை உட்காரவைத்து டீ வாங்கிவரச் சொல்லிவிட்டுச் சொன்னார்: “சால்வைய வச்சு நான் என்னம்மா பண்ணப் போறேன்? அன்னைக்கு நர்ஸம்மாவுக்குக் குடுத்த மாதிரி எனக்கும் ஒரு கவச உடுப்பு குடுத்திருந்தா ராத்திரி எம்பேரன் பக்கத்துல பயமில்லாமப் படுத்திருப்பேன்.” அதற்குப் பிறகு இந்த விஷயத்தை யார் எடுத்தாலும் எனக்கு அந்தப் பேரன் ஞாபகம்தான் வருகிறது. உங்கள் கடிதத்தை வாசித்தபோதும் வந்தது. உங்களுக்கும் சால்வை கிடைக்காதது பெரிய குறை இல்லை என்று நினைக்கிறேன். அந்த மே மாதம் உங்களுக்கு ஒரு ஊசியும், ராத்திரி தங்க ஒரு தனி அறையும் கிடைத்திருந்தால் இந்தப் பழி உங்களைத் தொட்டிருக்காது. லாட்ஜ் ரூமைச் சொல்லிக் குத்திக்காட்டினீர்களே, அதற்குக் காரணம் அதுதான். அந்த ரூம் உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று நாலு வருஷமாக மனசு சொல்லிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் கோபம் ஏன் பட்டியல் போட்டவர்கள் மேல் போகாமல் ஓரகத்தி மேல் போகிறது? லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இலேயே எழுதினார்: மனிதர்கள் தங்களை எட்டாத தூரத்தில் இருப்பவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, தங்களைப் போலவே இருப்பவர்களோடுதான் ஒப்பிடுகிறார்கள். கலெக்டருக்கு என்ன கிடைத்தது என்று உங்களுக்குக் கவலையில்லை. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட, ஒரே மாமியாருக்கு மருமகளான ஒருத்திக்குக் கிடைத்ததுதான் உறுத்தும். ஜெர்மனியில் பணியாற்றிய ஜொஹானஸ் சீக்ரிஸ்ட் என்ற சமூகவியலாளர் இன்னொன்றைச் சொன்னார், 1996இல். உழைப்புக்கு ஈடாக மனிதர்கள் எதிர்பார்ப்பது சம்பளம் மட்டும் இல்லை, மதிப்பும், வேலை நிலைக்கும் என்ற உறுதியும் சேர்ந்ததுதான். உழைப்பு ஏறிக்கொண்டே போய் இவை வராமல் இருந்தால் உடம்பே கெடும், இதயம் உட்பட. ஆகவே இதை “பொறாமை” என்ற ஒரு சொல்லில் அடைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்களுக்கு வர வேண்டியது வரவில்லை.

இனி ஓரகத்தி பக்கம். அவர் எனக்கு எழுதவில்லை, அதனால் அவர் மனசில் இருப்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சால்வைக்குக் கீழே என்ன இருந்தது என்று கொஞ்சம் தெரியும். விளக்கேற்றிய ஏப்ரல் 5க்கு இரண்டு வாரம் கழித்து, சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் கல்லெறிந்தார்கள். ஆம்புலன்ஸ் டிரைவருக்கு மண்டை உடைந்தது. தட்டு தட்டிய ஜனங்கள்தான் கல்லும் எறிந்தார்கள். கொரோனாவுக்காக எடுக்கப்பட்ட தற்காலிக நர்சுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31உடன் வேலையிலிருந்து அனுப்பினார்கள். அவர்கள் போராட்டத்தில் உட்கார வேண்டியதாயிற்று. பூத் தூவப்பட்டவர்களுக்கே நிலைமை அதுதான். லாட்ஜ் ரூம் என்பதும் நீங்கள் நினைப்பதுபோல் ஓய்வு இல்லை. ஜன்னல் சாத்திய அறையில் ஒன்பது பத்து வயதுப் பிள்ளையை வீடியோ காலில் பார்த்துக்கொண்டு, தொண்டை கரகரத்தாலே பயந்துகொண்டு ஒரு வாரம். என்னிடம் போனில் பேசிய நர்சுகள் சாப்பாட்டைப் பற்றிப் பேசியதே இல்லை. வீட்டைப் பற்றித்தான் பேசுவார்கள்.

அந்த ஒரு வாரம் அந்தப் பிள்ளைக்குத் தலை பின்னியது யார்? உங்கள் கடிதத்திலேயே நான் அழுத்திக் கோடு போட்டு வைத்திருக்கும் வரி அது. நீங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் உங்கள் ஓரகத்தியால் அந்த டூட்டியைப் பார்த்திருக்கவே முடியாது. அந்தச் சான்றிதழில் உங்கள் பெயர் இல்லை, ஆனால் அந்த வேலையில் உங்கள் பங்கு உண்டு. நீங்கள் குத்திப் பேசி அழவைத்தது நீங்களே சோறு ஊட்டி வளர்த்த பிள்ளையை.

ஆகவே சடங்குக்குப் போகிறீர்கள். அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் சடங்கு அன்றைக்கு நேராகப் போய்ச் சபையில் நிற்காதீர்கள். அது உங்களுக்கும் சிரமம், அந்தப் பிள்ளைக்கும் சிரமம். ஒரு வாரம் பத்து நாள் முன்னால், வேலை நாளில், யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போங்கள். முதலில் பிள்ளையிடம் பேசுங்கள், அவளுடைய அம்மாவிடம் அப்புறம். “அன்னைக்குப் பெரியம்மா சொன்னது தப்பு. எனக்கு வேற கோவம், உன்கிட்டக் காட்டிட்டேன்” என்று சொன்னால் போதும். விளக்கம் எல்லாம் வேண்டாம். பிள்ளைகளிடம் பெரியவர்கள் தப்பு என்று ஒப்புக்கொள்வது நம் வீடுகளில் வழக்கமில்லை, அதனாலேயே அது அவள் மனசில் பதியும். பிறகு தலையைப் பின்னிவிடுங்கள், அவள் விட்டால்.

உங்கள் வீட்டுக்காரரிடம் இதை வாசிக்கக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருக்கும் இரண்டு வார்த்தை.

ஐயா, உங்கள் தாயார் போன பதினாறாம் நாள் நீங்கள் தலை குனிந்தது துக்கத்தினால் என்று எனக்குத் தெரிகிறது. தங்கையையும் எதிர்த்துப் பேச முடியாது, மனைவியையும் விட்டுக்கொடுக்க முடியாது என்று நடுவில் மாட்டிக்கொண்டீர்கள். ஆனால் அந்த மௌனத்தை உங்கள் மனைவி சம்மதமாக எடுத்துக்கொண்டு நாலு வருஷம் வாழ்ந்திருக்கிறார். 22, 24 என்ற தேதிகளை நீங்களும் பாருங்கள். “உன்னால இல்லை” என்று அவரிடம் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் தங்கை இருக்கும்போதும் சொல்லுங்கள். ஊர் கொடுக்காத மரியாதையை ஊரிடம் கேட்டு வாங்குவது கஷ்டம். இது உங்கள் கையில் இருக்கிறது.

சகோதரி, வேலைப் பக்கத்திலும் ஒன்று செய்யலாம். அந்த மே மாதம் நடந்ததைத் தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை அட்டை, எத்தனை மணி நேரம், என்ன பாதுகாப்பு கொடுத்தார்கள், என்ன கொடுக்கவில்லை, உங்களோடு வேலை பார்த்தவர்களில் யாருக்குத் தொற்று வந்தது. உங்கள் சங்கத்து ஆட்களிடம் பேசி, எல்லாக் கடைக்காரர்கள் எழுதியதையும் சேர்த்து, கூட்டுறவு இணைப்பதிவாளருக்கும் கலெக்டருக்கும் மனுவாகக் கொடுங்கள். பழைய சால்வையைக் கேட்க வேண்டாம். அடுத்த நோய் வரும்போது ரேஷன் கடை ஊழியர்களை ஊசிக்கு முதல் வரிசையில் வைக்க வேண்டும், வீட்டில் முதியவர்கள் இருப்பவர்களுக்குத் தங்க இடம் தர வேண்டும், வேலையில் தொற்று வந்தால் அதை வேலையில் வந்ததாகவே எழுத வேண்டும் என்று கேளுங்கள். பட்டியல்கள் மாறாதவை இல்லை. 2021 மே மாதம் பத்திரிகைக்காரர்களை முன்களப் பணியாளர்களாகத் தமிழக அரசு சேர்த்தது. உங்கள் கோபத்துக்குப் போக வேண்டிய முகவரி அதுதான். அங்கே அனுப்பினால் வீட்டுக்குள் அதன் சூடு குறையும்.

தூக்கம் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கு விழித்து அந்தப் பதினாறாம் நாள் பேச்சையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தால், சாப்பாடு இறங்காமல் இருந்தால், அத்தையோடு நானும் போயிருக்கலாம் என்று ஒரு நாளாவது தோன்றியிருந்தால், 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். என்னிடம் நேரில் வந்தாலும் சரி.

இனி ஓரகத்தியிடம் பேசுவது. அவரிடம் சால்வையைப் பற்றிப் பேச வேண்டாம், லாட்ஜைப் பற்றியும் வேண்டாம், நாத்தனார் சொன்னதைப் பற்றிக்கூட முதலில் வேண்டாம். அத்தையின் கடைசி முகத்தை அவர்தான் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் அவருக்குக் கிடைத்த ஒரு சலுகையாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். நான் அந்த வார்டை நினைத்துப் பார்க்கிறேன். கவச உடுப்புக்குள் வியர்த்துக்கொண்டு, தன் மாமியாரின் ஆக்ஸிஜன் அளவு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, பக்கத்துப் படுக்கைக்காரர் கூப்பிட்டால் அங்கேயும் ஓடிக்கொண்டு, வீட்டில் யாருக்குமே போன் போட்டுச் சொல்லத் துணிவில்லாமல் ஒரு மருமகள் நின்றிருக்கிறாள். அந்த ராத்திரியைப் பற்றி உங்கள் வீட்டில் யாராவது இதுவரை அவரிடம் கேட்டிருக்கிறீர்களா? சான்றிதழை அத்தை படத்துக்குப் பக்கத்தில் மாட்டியது யார், ஏன் என்றும் நீங்கள் கேட்டதில்லை.

பிள்ளைக்குத் தலை பின்னி முடித்த பிறகு, அடுப்படியில் அவர் தனியாக இருக்கும்போது போய் உட்காருங்கள். “அத்தை கடைசியா என்ன கேட்டாங்க?” என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள்.